165 எஸ்.ஆர். 14: ஒரு பழைய மகிழுந்தின் டயர் சொல்லும் வரலாறு



தமிழ்மொழிப் பாடம், தேர்வு வினாத்தாள், தமிழ்ப்பள்ளி வரலாறு ஆகியவற்றைப் பற்றியே இவ்வலைப்பூவில் வழக்கமாக எழுதி வருகின்றேன். இம்முறை ஒரு மகிழுந்தின் டயரைப் பற்றி எழுதப் புகுந்துள்ளேன். தலைப்பைக் கண்டு புருவம் உயர்த்த வேண்டா. பின்னால் வருவது வரலாறுதான். அதில் நம் தமிழ்ப்பள்ளிக்கும் ஓர் இடம் உண்டு.

1960களிலும் 1970களிலும் இங்கிலாந்தில் செய்யப்பட்ட விளையாட்டு மகிழுந்து ஒன்றின் டயரைக் குனிந்து பார்த்தால், '165 எஸ்.ஆர். 14' என்பது போன்ற ஒரு குறியீடு தெரியும். 165 என்பது டயரின் அகலம். அது மில்லிமீட்டரில் உள்ளது. 14 என்பது டயர் பொருந்தும் ரிம்மின் விட்டம். அது அங்குலத்தில் உள்ளது. நடுவிலுள்ள 'எஸ்' மணிக்கு 180 கிலோமீட்டர் வரை தாங்கும் என்னும் வேக அடையாளம். 'ஆர்' என்பது ரேடியல் என்னும் கட்டமைப்பு முறை. ஒரே வரியில் மெட்ரிக் அளவும் ஆங்கில அளவும் எழுத்துகளும் கலந்து நிற்கின்றன. நம் மாணவர் ஒருவர் ஒரே விடையில் மில்லிமீட்டரையும் அங்குலத்தையும் கலந்து எழுதினால் சிவப்பு மையால் சுழித்துவிடுவோம். அப்படியிருக்க, உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட ஒரு தொழில் இக்கலவையை இன்றுவரை எவ்வாறு வைத்திருக்கிறது? இவ்வினாவிற்கு விடை தேடுவதே இக்கட்டுரை. பழைய மகிழுந்திற்கு எந்த அளவு டயர் போடுவது என்று தடுமாறுவோர்க்கும் அவ்விடையிலேயே வழி இருக்கிறது.

காற்று நுழைந்த கதை

சக்கரத்தைச் சுற்றிக் காற்றைப் பிடித்து வைக்கலாம் என்ற எண்ணத்தை முதலில் காப்புரிமை ஆக்கியவர் இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஆவார். அவ்வாண்டு 1845. அப்போது மகிழுந்தும் இல்லை, இன்று நாம் காணும் மிதிவண்டியும் இல்லை. எனவே அக்கண்டுபிடிப்பு குதிரை வண்டியோடு நின்று மறக்கப்பட்டது. 1888ஆம் ஆண்டில், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காக அதை மீண்டும் கண்டுபிடித்தார். இம்முறை மிதிவண்டி உலகம் காத்துக் கொண்டிருந்தது. 1895ஆம் ஆண்டில் பிரான்சின் மிஷலன் உடன்பிறப்புகள் பாரிஸ் - போர்டோ - பாரிஸ் பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய மகிழுந்தை ஓட்டிக் காட்டினர். வழியெங்கும் டயர் வெடித்தது. அவர்கள் வெல்லவும் இல்லை. எனினும் மகிழுந்து காற்றின்மேல் ஓட முடியும் என்பது அன்று உறுதியாயிற்று.

தொடக்ககால டயரின் அளவு இன்றைய முறையில் எழுதப்படவில்லை. 1908இல் வெளிவந்த ஃபோர்டு 'மாடல் டி' மகிழுந்தில் '30 பெருக்கல் 3½' என்னும் டயர் இருந்தது. 30 அங்குலம் என்பது டயரின் வெளிவிட்டம். 3½ அங்குலம் அதன் தடிமன். இரண்டு பக்கமும் 3½ அங்குலத்தைக் கழித்தால் 23 அங்குலம் எஞ்சும். அதுவே ரிம்மின் விட்டம். அக்காலத்தவர்க்கு வெளிவிட்டமே முதன்மையாக இருந்தது. மண் சாலையின் பள்ளத்தைக் கடக்கப் பெரிய சக்கரம் தேவைப்பட்டதல்லவா?

1920களில் 'பலூன் டயர்' எனப்பட்ட பருத்த டயர்கள் வந்தன. காற்றழுத்தம் குறைந்தது, பயணம் மென்மையானது, ரிம் சிறுத்தது. அளவை எழுதும் முறையும் தலைகீழாக மாறி, முதலில் டயரின் அகலம், பிறகு ரிம்மின் விட்டம் என்றாயிற்று. நாம் இன்றும் பின்பற்றும் வரிசை அதுதான்.

19இலிருந்து 14க்கு

இவ்வரலாற்றை ஒரே நிறுவனத்தின் வண்டிகளில் பார்க்க விரும்புவோர் எம்.ஜி. மகிழுந்துகளைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் செய்யப்பட்ட சிறிய, இரண்டு பேர் அமரும் விளையாட்டு மகிழுந்துகள் அவை.

இரண்டாம் உலகப் போர் முடிந்தவுடன் 1945இல் வந்த எம்.ஜி. டி.சி. மகிழுந்துக்கு 19 அங்குலக் கம்பிச் சக்கரமும் 4.50 அங்குல டயரும் இருந்தன. 1950இல் வந்த டி.டி. மகிழுந்தில் ரிம் 15 அங்குலமாகச் சுருங்கியது, டயர் 5.50 ஆகப் பருத்தது. 1955இல் வந்த எம்.ஜி.ஏ.வும் 15 அங்குலத்திலேயே நின்றது. 1962இல் வெளிவந்த எம்.ஜி.பி.க்கு 14 அங்குல ரிம்மும் 5.60 டயரும் அமைந்தன. அக்கால டயரின் அகலமும் உயரமும் ஏறத்தாழச் சமம் என்று கொண்டு கணக்கிட்டால், சக்கரத்தின் மொத்த விட்டம் 28 அங்குலத்திலிருந்து 26க்கும், பின்னர் 25க்கும் இறங்கியிருப்பதை அறியலாம். பதினேழு ஆண்டுகளில் ரிம் ஐந்து அங்குலம் சுருங்கியது. டயரோ தொடர்ந்து பருத்துக்கொண்டே வந்தது.

ஏன் இவ்வாறு சுருக்கினர்? சாலைகள் செப்பனிடப்பட்டதால் பெரிய சக்கரத்தின் தேவை குறைந்தது. வண்டியைத் தரையோடு தாழ்த்த முடிந்தது. சக்கரத்தின் எடை குறைந்ததால், அது மேடு பள்ளங்களில் விரைவாக ஏறி இறங்கிச் சாலையை விடாமல் பற்றிக் கொண்டது. டி.டி. மகிழுந்தில் முன்சக்கரங்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே அசையும் அமைப்பும் வந்தது. புதிய சக்கர அளவும் புதிய அமைப்பும் சேர்ந்தே பிறந்தன என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மற்றொன்றை அப்படியே வைத்திருக்க அப்பொறியாளர்கள் நினைக்கவில்லை.

இழை திரும்பிய காலம்

டயரின் உள்ளே இரப்பர் மட்டும் இருப்பதில்லை, இழைகள் இருக்கின்றன. பழைய முறையில் அவ்விழைகள் அடுக்கடுக்காகக் குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து கிடந்தன. இதைக் குறுக்கு இழை டயர் எனலாம். பக்கச்சுவர் வளையும்போது தரையைத் தொடும் பரப்பும் சேர்ந்து நெளியும். சூடு மிகும்; தேய்மானம் விரையும்.

1946ஆம் ஆண்டில் மிஷலன் நிறுவனம் வேறொரு முறைக்குக் காப்புரிமை பெற்றது. இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக, வட்டத்தின் ஆரங்களைப் போல் சென்றன. அவற்றின்மேல், தரையைத் தொடும் பகுதிக்கு அடியில், எஃகுக் கம்பிப் பட்டை ஒன்று சுற்றப்பட்டது. ஆரத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்தே ரேடியல் என்னும் பெயர் வந்தது. 1949இல் 'எக்ஸ்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. பக்கச்சுவர் தாராளமாக வளைந்தது. தரையைத் தொடும் பரப்போ தட்டையாகச் சாலையைப் பற்றியது.

குறியீட்டுக் கலப்பும் இங்கேதான் தொடங்கியது. ஐரோப்பியக் கண்டத்தில் வளர்ந்த ரேடியல் டயர் தன் அகலத்தை மில்லிமீட்டரில் சொன்னது. பிரான்சில் ரிம்மையும் மெட்ரிக்கிலேயே செய்தவர்கள் இருந்தனர். 1955இல் வந்த சிட்ரோவன் டி.எஸ். மகிழுந்து 400 மில்லிமீட்டர் ரிம்மில் ஓடியது. ஆனால் பிரிட்டனும் அமெரிக்காவும் ஏற்கெனவே கோடிக்கணக்கான ரிம்களை அங்குலத்தில் வார்த்திருந்தன. ரேடியல் டயர் உலகச் சந்தைக்குள் நுழைய வேண்டுமெனில் அந்த ரிம்களில் பொருந்தியாக வேண்டும். எனவே அகலம் மில்லிமீட்டர், விட்டம் அங்குலம் என்ற சமரசம் உருவாயிற்று.

இதைத் திருத்தவும் ஒரு முயற்சி நடந்தது. 1975இல் மிஷலன் நிறுவனமே 'டி.ஆர்.எக்ஸ்.' என்னும் டயரை அறிமுகப்படுத்தியது. அதன் ரிம் 390 மில்லிமீட்டர் போன்ற மெட்ரிக் அளவுகளில் அமைந்தது. ரிம்மின் விளிம்பு வடிவமும் வேறு. 390 மில்லிமீட்டர் என்றால் 15.35 அங்குலம். அதில் 15 அங்குல டயரும் பொருந்தாது, 16 அங்குல டயரும் பொருந்தாது. 1979ஆம் ஆண்டு ஃபோர்டு மஸ்டாங், 1980களின் சில பி.எம்.டபிள்யூ. மகிழுந்துகள் அதைப் பயன்படுத்தின. டயர் நன்றாகவே இருந்தது. ஆனால் பிற நிறுவனங்கள் பின்தொடரவில்லை. இன்று அவ்வண்டிகளை வைத்திருப்போர் அவ்வப்போது சிறிய அளவில் செய்யப்படும் டயரை அதிக விலைக்கு வாங்க வேண்டும். அல்லது நான்கு ரிம்களையும் அங்குல அளவுக்கு மாற்ற வேண்டும். தனித்துச் சரியாக இருப்பதைவிட எல்லார்க்கும் பொதுவாக இருப்பதே நிலைக்கும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பால்மரத்தின் பங்கு

இந்த இடத்தில் நம் கதை குறுக்கிடுகிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ பூங்காவுக்கு ஏறக்குறைய 70,000 இரப்பர் விதைகளைக் கொண்டு சேர்த்தார். மறு ஆண்டே அவற்றின் நாற்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்தன. 1888இல், அதாவது டன்லப் தம் மகனின் வண்டிக்கு டயர் செய்த அதே ஆண்டில், ஹென்றி ரிட்லி சிங்கப்பூர்ப் பூமலையின் பொறுப்பை ஏற்றார். மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பால் எடுக்கும் முறையை அவரே வகுத்தார். 1896இல் மலாக்காவில் டான் சே யான் இரப்பரைத் தோட்டப் பயிராக நட்டார். அடுத்த சில ஆண்டுகளில் மகிழுந்து பெருகியது. மலாயாவின் காடுகள் தோட்டங்களாயின. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து நம் முன்னோர் கப்பலேறினர். டன்லப் நிறுவனமே மலாயாவில் சொந்தத் தோட்டங்களை வைத்திருந்தது.

தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் வலியுறுத்தியது. நம் தமிழ்ப்பள்ளிகளுள் பெரும்பாலானவை அத்தகைய தோட்டப் பள்ளிகளாகத் தொடங்கியவையே. விடியற்காலை பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு வெட்டுக்காட்டுக்குப் போனவர்கள் டயரின் குறியீட்டைப் படித்திருக்க மாட்டார்கள். ஆயினும் அக்குறியீட்டில் உள்ள 'ஆர்' என்னும் எழுத்துக்கும் அவர்கள் எடுத்த பாலுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை இரப்பர் பெருகியது. இயற்கை இரப்பரின் காலம் முடிந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. அப்போது ரேடியல் டயர் பரவியதுதான் இயற்கை இரப்பருக்குக் கைகொடுத்தது. ஓயாமல் வளைந்து நிமிரும் மெல்லிய பக்கச்சுவர் சூடேறாமலும் கிழியாமலும் இருக்க வேண்டும். இப்பணிக்கு இயற்கை இரப்பரே சிறந்தது. எனவே குறுக்கு இழை டயரைவிட ரேடியல் டயரில் அதன் பங்கு கூடுதலாக அமைந்தது. அந்தப் பக்கச்சுவரைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டயர் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது அதுவே முதன்மையாக வரப்போகிறது.

உயரம் என்னும் மூன்றாம் எண்

'165 எஸ்.ஆர். 14' என்பதில் பக்கச்சுவரின் உயரத்திற்கு எண் இல்லை. சொல்லத் தேவையில்லை என்று விட்டுவிட்டார்கள். அக்கால ரேடியல் டயரின் உயரம் அகலத்தில் ஏறத்தாழ 82 விழுக்காடு என்பது வழக்கமாக இருந்தது. பின்னர் தாழ்ந்த டயர்கள் வந்தபோதுதான் அதை எழுத வேண்டியதாயிற்று. 185/70 என்றால், அகலம் 185 மில்லிமீட்டர், உயரம் அதில் 70 விழுக்காடு.

1973ஆம் ஆண்டின் போர்ஷே 911 கரேரா ஆர்.எஸ். இதற்கு அழகிய எடுத்துக்காட்டு. முன்சக்கரத்திற்கு 185/70, பின்சக்கரத்திற்கு 215/60. இரண்டும் 15 அங்குல ரிம்முக்குரியவை. கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் டயரின் வெளிவிட்டம் 640 மில்லிமீட்டர். பின் டயரின் வெளிவிட்டம் 639 மில்லிமீட்டர். அகலம் 30 மில்லிமீட்டர் கூடியும் வட்டம் மாறவில்லை. அகன்ற பின்சக்கரத்திற்காக அவர்கள் ரிம்மை அகலப்படுத்தினர். பின்புற உடற்பகுதியையும் வெளியே புடைக்கச் செய்தனர். 1978இல் லம்போர்கினி கவுன்டாக் எல்.பி.400 எஸ். மகிழுந்துக்கு 345/35 என்னும் மிக அகன்ற பின் டயர் வந்தபோதும், சக்கரத்தின்மேல் பெரிய வளைவுகளைப் பொருத்த வேண்டியிருந்தது. டயரை மாற்றியவர்கள் வண்டியையும் சேர்த்தே மாற்றினர்.

அன்றுமுதல் வரலாறு திசை திரும்பியது. பக்கச்சுவர் தாழத் தாழ, அதே வெளிவிட்டத்திற்கு ரிம் பெருக்க வேண்டியதாயிற்று. 19இலிருந்து 14க்கு இறங்கிய ரிம் மீண்டும் 17, 18, 19 என ஏறிவிட்டது. ஆனால் டி.சி.யின் 19 அங்குலமும் இன்றைய 19 அங்குலமும் ஒன்றாகா. அன்று ரிம்மைச் சுற்றி நான்கரை அங்குலக் காற்று இருந்தது. இன்று பல வேளைகளில் அது அதைவிட வெகுவாகக் குறைவு.

ஒரு தந்தையின் கேள்வி

என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை, 1972ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. ஜி.டி. ஒன்றை வாங்கிப் பல மாதங்களாகச் சீர்செய்து வந்தார். பெற்றோர் சந்திப்பின்போது மகளின் கணிதத் தேர்ச்சியைப் பேசி முடித்தபின், "சார், கடையில் 17 அங்குல ஸ்போர்ட் ரிம் போடச் சொல்கிறார்கள். உருட்டிப் பார்த்தோம், எங்கும் இடிக்கவில்லை. போடலாமா?" என்று கேட்டார். வார இறுதியில் மகளையும் அதில் அழைத்துச் செல்லப் போவதாகவும் சொன்னார். மூவரும் ஒரு தாளில் கணக்கிட்டோம். கணக்கைப் போட்டவள் அம்மாணவிதான்.

வாய்பாடு எளியது. அகலத்தை உயர விழுக்காட்டால் பெருக்கி, இரண்டால் பெருக்க வேண்டும். ரிம்மின் அங்குலத்தை 25.4 ஆல் பெருக்கி அதனுடன் கூட்ட வேண்டும்.

- பழைய 165, 14 அங்குலம் (உயரம் 82 விழுக்காடு): வெளிவிட்டம் 626 மி.மீ.; பக்கச்சுவர் 135 மி.மீ.
- 185/70, 14 அங்குலம்: வெளிவிட்டம் 615 மி.மீ.; பக்கச்சுவர் 130 மி.மீ.
- 195/60, 15 அங்குலம்: வெளிவிட்டம் 615 மி.மீ.; பக்கச்சுவர் 117 மி.மீ.
- 185/65, 14 அங்குலம்: வெளிவிட்டம் 596 மி.மீ.; பக்கச்சுவர் 120 மி.மீ.
- 205/40, 17 அங்குலம்: வெளிவிட்டம் 596 மி.மீ.; பக்கச்சுவர் 82 மி.மீ.

முதலில் வெளிவிட்டத்தைப் பார்ப்போம். 185/70 டயரில் விட்டம் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவே மாறுகிறது. 185/65 டயரிலும் 17 அங்குல டயரிலும் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைகிறது. பழைய மகிழுந்தின் வேகமானி ஒரு கம்பிவடத்தின் சுழற்சியை எண்ணுவது. ஸ்மித்ஸ் நிறுவனத்தின் பழைய வேகமானிகளில், ஒரு மைலுக்கு எத்தனை சுற்று என்ற எண்கூடச் சிறிய இலக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். சக்கரம் 5 விழுக்காடு சிறுத்தால், முள் 100இல் நிற்கும்போது வண்டி 95இல்தான் ஓடும். இயந்திரமும் அதே வேகத்திற்குக் கூடுதலாகச் சுழல வேண்டும்.

இனி, பக்கச்சுவரைப் பார்ப்போம். எம்.ஜி.பி.யின் பின்பக்கம் பழைய மாட்டு வண்டியைப் போல் பட்டை வில்லின்மேல் நிற்பது. 1962இல் அதை வடிவமைத்தவர்கள், ஒவ்வொரு சக்கரத்திலும் ஏறத்தாழ 135 மில்லிமீட்டர் உயரத்திற்குக் காற்றும் இரப்பரும் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் வில்லின் விறைப்பைக் கணித்தனர். சாலையின் முதல் அடியை வாங்குவது டயரின் பக்கச்சுவர். அது தணித்து அனுப்பிய மிச்சத்தைத்தான் வில் வாங்குகிறது. 82 மில்லிமீட்டராகக் குறைத்தால், மீதி அடி முழுவதும் வில்லுக்கும் பேரிங்குக்கும் ஐம்பது ஆண்டு கண்ட உடற்பகுதிக்கும் நேராகப் போய்ச் சேரும். கடையில் உருட்டிப் பார்க்கும்போது இது தெரியாது. 'இடிக்கவில்லை' என்பது ஒரு சோதனைதான். ஆனால் அது கடைசிச் சோதனை ஆகாது.

மூன்றாவது, அகலம். அவ்வண்டியின் எஃகு ரிம் 5 அங்குல அகலம் கொண்டது. 165உம் 185/70உம் அதில் முறையாக அமரும். 195/60க்குக் குறைந்தது 5½ அங்குல ரிம்மும், 205/40க்கு 7 அங்குல ரிம்மும் தேவை. ரிம் அகலும்போது, அது ஹப்பில் பொருந்தும் முகம் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அத்தூரம் மாறினால் ஸ்டியரிங்கின் இயல்பு மாறும். பேரிங்கின்மேல் சுமை கூடும். எம்.ஜி.பி.யின் ஸ்டியரிங்கிற்கு இயந்திர உதவி கிடையாது. டயர் அகன்றால் திருப்பும் கைதான் அதைச் சுமக்க வேண்டும்.

நான்காவது, எழுத்து. எம்.ஜி.பி.யின் உச்ச வேகம் மணிக்கு 160 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். 180 கிலோமீட்டருக்குரிய 'எஸ்' போதுமானது. 210 கிலோமீட்டருக்குரிய 'எச்' கிடைத்தால் இன்னும் நன்று. அகர வரிசையில் 'எச்' முன்னே நிற்க, வேகத்தில் ஏன் 'எஸ்'ஸைவிட மேலே இருக்கிறது என்று மாணவி கேட்டாள். முதலில் இருந்தவை எஸ், எச், வி என்னும் மூன்றே எழுத்துகள். பிற எழுத்துகள் பின்னர் இடையிடையே நிரப்பப்பட்டன. 'எச்' மட்டும் தன் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. இதுவும் ஒரு வரலாற்று எச்சம்.

அத்தந்தை 17 அங்குல எண்ணத்தைக் கைவிட்டார். கூடுதல் பிடிப்பு வேண்டுமெனில் 185/70, வண்டி பிறந்த இயல்பு வேண்டுமெனில் 165 என்ற இரண்டே தேர்வுகள் அவர்முன் எஞ்சின. வழக்கமான கடைகளில் 165 கிடைக்கவில்லை. சொல்லி வைத்துக் காத்திருந்து வாங்கினார். ஸ்டியரிங் இலகுவாக இருப்பதாகப் பின்னர் தொலைபேசியில் சொன்னார்.

கம்பிச் சக்கரம் வைத்திருப்போர் இன்னொன்றையும் கருத வேண்டும். கம்பிகளின் முனைகள் ரிம்மைத் துளைத்து நிற்பதால் பழைய கம்பிச் சக்கரத்தில் காற்று நிற்காது, டியூப் வேண்டும். குறுக்கு இழை டயரையும் ரேடியல் டயரையும் ஒரே வண்டியில் கலப்பதும் கூடாது. குறிப்பாக, முன்னே ரேடியலும் பின்னே குறுக்கு இழையும் இருந்தால், வளைவில் முன்பக்கம் பிடித்துக்கொள்ள, பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிடும்.

தேயாத டயரும் கெடும்

பழைய மகிழுந்துகள் அதிகம் ஓடுவதில்லை. அதனால் டயரின் பள்ளங்கள் ஆழமாகவே இருக்கும். பார்ப்பதற்குப் புதியதுபோல் தோன்றும். ஆனால் இரப்பர் வெயிலாலும் காற்றாலும் இறுகிக்கொண்டே இருக்கிறது. நம் நாட்டு வெப்பத்தைச் சொல்லவே வேண்டா. 2000ஆம் ஆண்டு முதல் டயரின் பக்கத்தில் நான்கு இலக்கத் தேதிக் குறி பொறிக்கப்படுகிறது. முதல் இரண்டு இலக்கம் வாரம். பின் இரண்டு இலக்கம் ஆண்டு. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது சென்ற நூற்றாண்டின் டயர். எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றிவிட வேண்டும்.

2013ஆம் ஆண்டு நவம்பரில் நடிகர் பால் வாக்கர் பயணம் செய்த போர்ஷே கரேரா ஜி.டி. விபத்துக்குள்ளாகி, அவரும் ஓட்டிய நண்பரும் உயிரிழந்தனர். அளவு கடந்த வேகமே காரணம் என்று விசாரணை அதிகாரிகள் அறிவித்தனர். அவ்வண்டியின் டயர்கள் ஒன்பது ஆண்டுகள் பழைமையானவை என்பதையும் அவர்கள் குறிப்பிட்டனர். உலகின் மிக விலையுயர்ந்த வண்டிகளுள் ஒன்று அது. அதுவும் தரையைத் தொட்டது, உள்ளங்கை அளவிலான நான்கு இரப்பர்த் துண்டுகளால்தான்.

வகுப்பறைக்கு

ஆசிரிய நண்பர்களே, இக்கணக்கை ஆறாம் ஆண்டு வகுப்பில் தாராளமாகச் செய்யலாம். விழுக்காடு, பதின்மம், அலகு மாற்றம் ஆகிய மூன்றும் ஒரே கணக்கில் வந்துவிடுகின்றன. சுற்றளவு வாய்பாடு இதற்குத் தேவையில்லை. விட்டம் எத்தனை விழுக்காடு மாறுகிறதோ, வேகமானியும் அத்தனை விழுக்காடே மாறும். பள்ளியின் வாகன நிறுத்துமிடத்தில் நிற்கும் நம் மகிழுந்துகளின் எண்களை மாணவர்கள் குறித்து வரட்டும். வெளிவிட்டத்தைக் கணக்கிட்டுப் பின் அளவு நாடாவால் அளந்து ஒப்பிடட்டும். வண்டியின் எடையால் டயர் அடிப்பக்கம் சற்று நசுங்கி இருப்பதால் சிறு வேறுபாடு வரும். அதற்கான காரணத்தையும் அவர்களே சொல்லட்டும்.

பெற்றோர்களே, உங்கள் வண்டி பழைய விளையாட்டு மகிழுந்தாக இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் ஓட்டுநர் கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் அதற்குரிய டயர் அளவும் காற்றழுத்தமும் அச்சிடப்பட்டிருக்கும். டயர் மாற்றும் முன் அதை ஒருமுறை படியுங்கள். தேதிக் குறியையும் பாருங்கள். அத்துடன், தாத்தாவோ பாட்டியோ வெட்டுக்காட்டில் உழைத்தவர் என்றால், டயரின் பக்கச்சுவரைப் பிள்ளைகளுக்குத் தொட்டுக் காட்டி, அவர்கள் எடுத்த பால் எங்கே போயிற்று என்பதையும் சொல்லுங்கள்.

உங்கள் வகுப்பில் இக்கணக்கைச் செய்து பார்த்தால் எழுதுங்கள். அடுத்த பதிவில் சந்திப்போம்.